அந்தமானில் ஐந்து நாள்: படகிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நாங்கள் கரூரில் இருக்கிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், மாமியார் என நான்கு பேர். ஜனவரி கடைசி வாரத்தில், குடியரசு தின விடுமுறையை ஒட்டி அந்தமான் போக ஆசை. ஐந்து நாள், நான்கு இரவு. அதற்கு மேல் லீவு கிடைக்காது. ஏஜென்ட் கொடுத்த திட்டம் இது: முதல் நாள் இறங்கியதும் ராஸ் தீவு, நார்த் பே, செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் ஹேவ்லாக். மூன்றாம் நாள் காலை எலிஃபன்ட் பீச், மாலை நீல் தீவு. நான்காம் நாள் நீல். ஐந்தாம் நாள் காலைப் படகில் போர்ட் பிளேர் வந்து மதியம் ஒரு மணி விமானம். படகு டிக்கெட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். மாமியாருக்கு வயது 67. முழங்கால் வலி உண்டு, பஸ்ஸில் போனாலே வாந்தி வரும். அரசுப் படகு நல்லதா, தனியார் படகா? பாராடாங் சுண்ணாம்புக் குகையையும் சேர்க்க முடியுமா? சென்னையிலிருந்து கப்பலிலேயே போனால் செலவு குறையுமா?

பதில்: முதலில் ஐந்தாம் நாளை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காலையில் நீலிலிருந்து படகு, மதியம் விமானம் என்பது தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தனியார் படகில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். போர்ட் பிளேரில் விமான நிலையமும் ஊரை ஒட்டியேதான் இருக்கிறது. எல்லாம் சொன்னபடி நடந்தால் பத்தரை மணிக்கெல்லாம் பெட்டியோடு வரிசையில் நிற்பீர்கள். ஆனால் கடலில் காற்று எழுந்தால் படகை எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிடும். வானிலை சரியாக இருந்தாலும், இயந்திரக் கோளாறு என்று எட்டு மணிப் படகு பதினொரு மணிக்குக் கிளம்புவதும் உண்டு. ரத்தான படகுக்கு டிக்கெட் பணம் திரும்ப வரும், போன விமானம் வராது. நான்கு பேருக்குக் கடைசி நிமிடத்தில் சென்னை டிக்கெட் எடுப்பது என்றால் பயணச் செலவில் பாதி அதற்கே போய்விடும். அதனால் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். அந்தமான் போகும் எல்லோருக்கும் நான் சொல்லும் விதி இது. இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2016 டிசம்பரில் காற்றழுத்தத் தாழ்வு காரணமாகப் படகுகள் நின்று, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டி வந்தன. நீங்கள் போகும் ஜனவரிக் கடைசி அந்த மாதிரியான காலம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்தமானுக்கு நல்ல காலம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் கதை வேறு. நல்ல காலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அதற்காகக் கடலோடு பந்தயம் கட்ட வேண்டாம்.

அடுத்து, தீவுகளின் எண்ணிக்கை. ஏஜென்ட்டுகள் "ஐந்து தீவு, ஏழு தீவு" என்று விளம்பரம் போடுகிறார்கள். நான் திட்டம் போடும்போது எண்ணுவது எத்தனை முறை பெட்டியைக் கட்ட வேண்டும் என்பதைத்தான். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் படகு ஒரு மணி நேரம்தான் என்று சொல்வார்கள். ஆனால் ஒரு மணி நேரம் முன்னதாக ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, வரச் சொல்வார்கள். அதற்கு முன் அறையைக் காலி செய்ய வேண்டும், காலை உணவை அவசரமாக முடிக்க வேண்டும், டாக்ஸி பிடிக்க வேண்டும். அடையாள அட்டை பார்ப்பார்கள், பெட்டியை ஸ்கேன் செய்வார்கள். இறங்கிய பிறகு பெட்டிக்காகக் காத்திருந்து, மறுபடி டாக்ஸி பிடித்து ஹோட்டலுக்குப் போனால் "அறை பன்னிரண்டு மணிக்குத்தான்" என்பார்கள். ஆக, ஒவ்வொரு தாவலும் அரை நாளைத் தின்றுவிடும். உங்கள் திட்டத்தில் நான்கு இரவுக்குள் மூன்று தீவுகள், மூன்று ஹோட்டல்கள். வாந்தி வரும் மாமியாருக்கு அது சுற்றுலாவாக இருக்காது.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் நீலை விட்டுவிடுவேன். முதல் இரவு போர்ட் பிளேர், நடுவில் இரண்டு இரவு ஹேவ்லாக், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். படகு இரண்டே தடவை. ஒரு நாள் கூடுதலாக லீவு கிடைத்தால் மட்டும் ஹேவ்லாக்குக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே நீலில் ஒரு இரவைச் செருகுங்கள். நீல் மோசம் என்று நான் சொல்லவில்லை. சின்னத் தீவு, கூட்டம் குறைவு, பரத்பூர் கடற்கரை ஜெட்டியை ஒட்டியே இருக்கிறது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் போடும் காய்கறிதான் போர்ட் பிளேர் சந்தைக்கும் வருகிறது. வயல்களுக்கு நடுவே நடந்து கடலுக்குப் போகும் ஊர் அது. ஓடி ஓடிப் பார்த்தால் அந்த ஊரில் ஒன்றும் இருக்காது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் கணவர் நீலை விடவே மாட்டேன் என்றால் ஒரு வழி இருக்கிறது. நான்காம் நாள் ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் நீலில் இறங்கி, பெட்டிகளோடு ஒரு டாக்ஸியை நான்கைந்து மணி நேரத்துக்குப் பேசிக்கொண்டு, பிற்பகல் படகில் போர்ட் பிளேர் வந்துவிடலாம். இரண்டு டிக்கெட்டும் முன்கூட்டியே உறுதியானால் மட்டும். ஆனால் ஒரே நாளில் இரண்டு படகு. மாமியாரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி நாள்வாரியாக. சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். கிடைக்கும் முதல் விமானத்தை எடுங்கள். அப்படிச் செய்தால் முந்தைய இரவு கரூரிலிருந்து ரயிலேறி விடியற்காலையில் நேரே விமான நிலையம் போக வேண்டியிருக்கும். எல்லோரும் தூக்கமில்லாமல் இறங்குவீர்கள். அந்த நாளில் ராஸ், நார்த் பே, சிறை மூன்றையும் திணிப்பது அநியாயம். சாப்பிட்டுத் தூங்கிவிட்டு மூன்று மணி வாக்கில் செல்லுலார் சிறைக்குப் போங்கள். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகளாகக் கட்டியிருந்தார்கள், இப்போது மிஞ்சியிருப்பது மூன்று. இடித்த கிளைகள் இருந்த இடத்தில் அரசு மருத்துவமனை நிற்கிறது. மொட்டை மாடிக்குப் படியேறினால் கடல் தெரியும். மாமியார் கீழே முற்றத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவர் பார்க்க வேண்டிய அறைகள் தரைத்தளத்திலேயே இருக்கின்றன. மாலையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. விடுமுறை வாரத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே வாங்கச் சொல்லுங்கள். எந்தக் காட்சி எந்த மொழியில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இந்தியில்தான் இருக்கும். ஜனவரி 26 அன்றே இறங்குவதாக இருந்தால், அன்று சிறை திறந்திருக்குமா என்று விசாரித்த பிறகு திட்டம் போடுங்கள். தீவுகளில் சில இடங்களுக்கு வார விடுமுறையும் உண்டு.

இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக். மதியம் ஓய்வு, பிறகு ராதாநகர் கடற்கரை. இங்கே வெளியூர்க்காரர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: சூரியன். அந்தமான் நம் ஊருக்கு வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம்முடையதேதான். ஜனவரிக் கடைசியில் ஐந்தேகால், ஐந்தரைக்குள் சூரியன் கடலில் இறங்கிவிடும். கரூர்ப் பழக்கத்தில் நாலரைக்கு டீ குடித்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினால், ஜெட்டிப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ச் சேரும்போது இருட்டு கட்டியிருக்கும். இரண்டரைக்கே கிளம்புங்கள். மேற்குப் பார்த்த கடற்கரை, மணல் சலித்த மாவு போலிருக்கும், தரையும் மெதுவாகத்தான் ஆழமாகிறது. 2020இல் இந்தியாவில் முதன்முதலாக நீலக்கொடி என்ற சர்வதேசத் தூய்மைச் சான்று பெற்ற எட்டுக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று. கழிப்பறை, உடை மாற்றும் இடம், உட்கார இடம் எல்லாம் உண்டு, அதனால் மாமியாருக்கு இதுதான் ஏற்றது. காவலர்கள் விசில் ஊதினால் பையனை உடனே கரையேற்றுங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் இருக்கின்றன. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் ஓடைகள், முகத்துவாரங்கள் பக்கம் போகவே கூடாது.

மூன்றாம் நாள் குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம். கணவரும் மகனும் எலிஃபன்ட் பீச் போகட்டும். ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து சின்ன வேகப் படகில் அரை மணிக்குள் போய்விடலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம். ஸ்நார்க்லிங் கண்ணாடி மாட்டிக் கொண்டு குனிந்தாலே பவளப்பாறையும் மீனும் தெரியும். எட்டு வயதுப் பையனுக்கு அது போதும். ஸ்கூபா டைவிங்குக்குப் பத்து வயது ஆக வேண்டும். "பரவாயில்லை சார், நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். கணவர் டைவ் அடிக்க விரும்பினால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். டைவ் அடித்த பின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி.

மாமியாரை அந்த வேகப் படகில் ஏற்ற வேண்டாம். ஆடும் படகில் கால் வைத்து இறங்க வேண்டும், அலையில் தூக்கித் தூக்கிப் போடும், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. நீங்களும் அவரும் காலையில் காலாபத்தர் கடற்கரைக்கு ஆட்டோவில் போய் வாருங்கள். சாலையை ஒட்டியே கடல், இறங்கி நான்கு எட்டு வைத்தால் மணல். கிழக்குப் பார்த்த கரை, விடியற்காலை வெளிச்சம் அங்கேதான். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரை முழுவதற்கும் ஒரு குணம் உண்டு: கடல் வற்றினால் பாறையும் பவளத் துண்டும் வெளியே வந்துவிடும், குளிக்க முடியாது. ஏறினால்தான் குளிக்கலாம். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். "நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும்?" என்று ஹோட்டலில் முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள். "கடற்கரை ஒட்டிய அறை" என்று கூடுதல் பணம் கொடுத்துவிட்டுக் காலையில் எழுந்து வெறும் பாறையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

நான்காம் நாள் காலைப் படகில் போர்ட் பிளேர் திரும்பிவிட்டால் பிற்பகலில் ராஸ் தீவுக்கு நேரம் இருக்கும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். அபர்டீன் ஜெட்டியிலிருந்து பதினைந்து இருபது நிமிடம், துறைமுகத்துக்குள்ளேயே என்பதால் அலை குறைவு. ஆங்கிலேயர் காலத்தில் மொத்த அந்தமானுக்கும் தலைமையிடம் அதுதான். 1941இல் நிலநடுக்கம், மறு ஆண்டு ஜப்பான் படை வந்தது, அதோடு அந்த ஊர் முடிந்தது. தேவாலயம், பேக்கரி, தலைமை ஆணையர் வீடு எல்லாவற்றையும் ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மான்கள் கிட்டவே வந்து நிற்கும். முதியவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறது. நார்த் பேயை விட்டுவிடுங்கள். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறம் இருக்கும் காட்சி அந்தப் பக்கம்தான் என்று சொல்லிக் கூட்டிப் போவார்கள். போய் இறங்கினால் ஒவ்வொரு தண்ணீர் விளையாட்டுக்கும் தனித்தனியாகப் பணம். எலிஃபன்ட் பீச் போய் வந்தவர்களுக்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை.

சரி, படகுக்கு வருவோம். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று உங்கள் ஏஜென்ட் சொன்னது குடியரசு தின வாரத்தில் செல்லாது. நான் போடும் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் விமானம், அடுத்தது படகு, கடைசியாகத்தான் ஹோட்டல். பல பேர் ஹோட்டலைப் பிடித்துவிட்டுப் படகைத் தேடுவார்கள். அறை மாற்றுவது சுலபம். படகில் இருக்கை இல்லையென்றால் உங்களுக்காக இன்னொரு படகு விட மாட்டார்கள். மக்ருஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் நிறுவனங்கள் பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் டிக்கெட் கொடுக்கின்றன. பணம் கட்டியதும் நான்கு பேர் பெயரும் அச்சிட்ட டிக்கெட்டை ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்குங்கள். "கன்ஃபர்ம் ஆயிடுச்சு" என்ற வாட்ஸப் செய்தி டிக்கெட் ஆகாது.

அரசுப் படகு மோசமில்லை, மலிவும்கூட. தனியாரில் ஒருவருக்கு ஒரு வழிக்கு ஆயிரத்தைத் தாண்டும், அரசுப் படகில் சில நூறு ரூபாய்தான். ஆனால் அது சுற்றுலாவுக்காக விட்ட படகு அல்ல, தீவுக்காரர்களுக்கு அதுதான் பஸ். மருத்துவமனைக்குப் போகிறவர், பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள், மூட்டையோடு வியாபாரி என்று எல்லோரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள், இடத்திலும் அவர்களுக்குத்தான் முன்னுரிமை. அது நியாயமும்கூட. முன்பதிவு சில நாட்களுக்கு முன்புதான் திறக்கும், விடுமுறை வாரத்தில் கிடைக்கும் என்று நம்பி ஐந்து நாள் பயணத்தைக் கட்ட முடியாது. வேகமும் குறைவு, ஹேவ்லாக் போக இரண்டரை மணி நேரம் ஆகும். தனியார் படகு ஒன்றரை மணியில் போய்விடும். தனியாகப் பையை மாட்டிக்கொண்டு போகும் இளைஞர் கேட்டிருந்தால் அரசுப் படகையே சொல்லியிருப்பேன், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். உங்களுக்குத் தனியார்தான்.

தனியார் படகுகள் பெரும்பாலும் ஹாடோ துறையிலிருந்து கிளம்பும், அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து. ஆட்டோக்காரரிடம் "ஹேவ்லாக் போட்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு ஜெட்டியில் போய் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். டிக்கெட்டில் எந்த இடம் போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். அதே டிக்கெட்டில் ஹேவ்லாக்குக்குப் பதில் சுவராஜ் த்வீப் என்றும், நீலுக்கு ஷஹீத் த்வீப் என்றும் இருக்கலாம். 2018 டிசம்பரில் மாற்றிய பெயர்கள் அவை. போர்ட் பிளேரின் அதிகாரப்பூர்வப் பெயரும் 2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஊரில் எல்லோரும் பழைய பெயர்களையும் சொல்கிறார்கள், குழப்பம் வராது. நான்கு பேரின் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், பையனின் ஆதாரை மறக்காதீர்கள். பெரிய சூட்கேஸ் ஒன்றுக்குப் பதில் சின்னப் பைகளாகக் கொண்டுபோங்கள். ஜெட்டியில் வெயிலில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும், எப்போதும் சுமை தூக்க ஆள் கிடைக்காது. மாமியாருக்கு நடக்க முடியாது என்று டிக்கெட் எடுக்கும்போதே படகு நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் முதலில் ஏற்றிவிடுவார்கள்.

வாந்தி விஷயம். தனியார் படகுகள் பலவும் மூடிய, ஏசி போட்ட கூடம். துறைமுகத்தைத் தாண்டும்வரை தெரியாது, திறந்த கடல் வந்ததும் படகு உருளத் தொடங்கும். கீழ்த்தளத்தில், நடுவிலோ பின்பக்கமோ இருக்கை கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. முன்வரிசையைக் கூடுதல் பணத்துக்கு விற்பார்கள், உங்கள் மாமியாருக்கு அது வேண்டவே வேண்டாம். ஜன்னல் வழியாகத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனில் படம் பார்ப்பதும் குனிந்து பையைத் துழாவுவதும்தான் முக்கால்வாசி வாந்திக்குக் காரணம். வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது, இரண்டு இட்லி சரியாக இருக்கும். அவோமின் மாதிரி மாத்திரை கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். ஆனால் 67 வயது, வேறு மாத்திரைகளும் சாப்பிடுவார் என்று நினைக்கிறேன். அவருடைய டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். தூக்கம் வரும், இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாராடாங் வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகன வரிசையில் காத்திருந்து, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு வழியாகப் போகும் சாலை அது. அப்புறம் வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஜங்கார் படகு, அப்புறம் சதுப்புநிலக் காட்டு ஓடையில் வேகப் படகு, அப்புறம் குகைக்கு நடை. திரும்பி வர மாலையாகிவிடும். முழங்கால் வலிக்காரரை விடுங்கள், பையனே சோர்ந்துவிடுவான். குகை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாலையில் போகிறவர்களில் பாதிப் பேர் குகைக்காகப் போவதில்லை, ஜன்னல் வழியே ஜாரவாக்கள் தெரிகிறார்களா என்று பார்க்கப் போகிறார்கள். அவர்களைப் படம் எடுப்பதும் எதையாவது கொடுப்பதும் சட்டப்படி குற்றம். வெளியாட்களின் நோய்களுக்குப் பழகாத, சில நூறு பேரே உள்ள ஒரு சமூகத்தின் வீட்டு முற்றத்தில் வண்டி ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. என் தொழிலில் இருக்கும் பலர் இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

கப்பல் கேட்டிருந்தீர்கள். சென்னையிலிருந்து அரசுக் கப்பல் போகத்தான் செய்கிறது, அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் செலவும் குறைவு. ஆனால் போகவே ஏறக்குறைய மூன்று நாள், தேதிகளும் மாதத்தில் சிலவே. உங்கள் ஐந்து நாளில் அந்தமான் மண்ணை மிதிக்காமலே முடிந்துவிடும். பையனின் கோடை விடுமுறையில் போகலாமா என்றும் நினைக்காதீர்கள், மே கடைசியில் கடல் கொந்தளிக்கும்.

சில்லறை விஷயங்கள் கொஞ்சம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் ஹேவ்லாக்கில் ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும் நேரங்கள் உண்டு, ஏடிஎம்களும் குறைவு. போர்ட் பிளேரிலேயே கையில் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாகக் கட்டுங்கள். ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது, பெரிய வைத்தியத்துக்குப் போர்ட் பிளேர் வர வேண்டும். மாலையில் மணலில் சிறு ஈக்கள் கடிக்கும், தடிப்பு நாள்கணக்கில் அரிக்கும். கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, மணலில் நேரடியாக உட்காராமல் விரிப்புப் போட்டு உட்காருங்கள். மொழிக் கவலை வேண்டாம். போர்ட் பிளேரில் தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். கடைத்தெருவில் தமிழ் பேசினால் பதில் தமிழில் வரும், வெற்றிமலை முருகன் கோயிலும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. முதல் நாள் மாலை மாமியார் அங்கே போக ஆசைப்படுவார் என்று நினைக்கிறேன், சிறைக்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சங்கு எதையும் பையன் பையில் போட்டுக்கொள்ளாமல் பாருங்கள். விமான நிலையத்தில் சோதித்துப் பிடுங்கிவிடுவார்கள், பவளம் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருகிறது. சங்கு, சிப்பிப் பொருட்கள் வேண்டுமானால் போர்ட் பிளேரில் அரசின் சாகரிகா கைவினைக் கடையில் வாங்கி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட்டிடம் இன்றைக்கே பேசுங்கள். போர்ட் பிளேர்–ஹேவ்லாக் காலைப் படகு, இரண்டு நாள் கழித்து ஹேவ்லாக்–போர்ட் பிளேர் காலைப் படகு, இரண்டிலும் கீழ்த்தளத்தில் நான்கு இருக்கை. இவை கிடைக்கிறதா என்று கேளுங்கள். முதல் தேதியில் இல்லையென்றால் விமானத்தை ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ நகர்த்த முடியுமா என்று பாருங்கள், குடியரசு தினத்துக்கு மறுவாரம் போனால் கூட்டமும் குறையும், அறை வாடகையும் இறங்கும். படகு உறுதியாகும்வரை ஹோட்டலுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.